ஒன்பது மாதத்துக் காவல்காரன்

"பெரியப்பா, பின்னாடி இருக்கற அடைப்பை எனக்குக் குடுங்க. ஒரு வருஷத்துக்கு."

முட்டை அறையில் இரண்டு பேருடைய கை அப்படியே நின்றது. பெரியப்பா விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த முட்டையை இறக்க மறந்தார். அவர் மகன், அவளுக்கு அண்ணன் முறை, அட்டை அடுக்குவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கத் தயாரானான். மூன்றாவது ஆள் அவளுடைய அப்பா. அவர் கை மட்டும் நிற்கவில்லை. துடைத்து வைத்த முட்டையையே எடுத்து மறுபடி துடைத்தார்.

அந்த வீட்டில் கேட்கக் கூடாதது ஒன்றே ஒன்றுதான். செருப்பு கேட்கலாம், காலேஜில் சேர்த்துவிடச் சொல்லிக் கேட்கலாம், கோபித்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடாமலும் இருக்கலாம். பின்னாடி அடைப்பைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. கம்பிவேலி போட்ட, வேப்பமரம் ஒன்று நிற்கிற அந்தத் துண்டு நிலம் சின்ன மகனான அவள் அப்பாவுக்கு என்று தாத்தா வாயால் சொல்லிவிட்டுப் போனாராம். வாயால் சொன்னது வாயோடு போயிற்று. இப்போது அங்கே துருப்பிடித்த கூண்டுகளும் உடைந்த தண்ணீர்க் குடுவைகளும் கிடந்தன. "நீ எதை வேணா கேளு, அதை மட்டும் கேட்டுடாதே, குடும்பம் ரெண்டாயிடும்" என்று அம்மா அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லி வந்தாள். கேட்டால் அப்படி என்னதான் ஆகும் என்று அவளுக்கும் அன்றிலிருந்தே ஒரு குறுகுறுப்பு. அதைச் சோதித்துப் பார்த்தவர் அந்த வீட்டில் யாரும் இல்லை.

"எதுக்கு?" என்றார் பெரியப்பா.

"குட்டிக்கு."

அண்ணன் சிரித்துவிட்டான். "டிகிரி, நாய்க்குப் பாகம் பிரிக்கச் சொல்றியா?"

அவனுக்கு அவள் டிகிரி. அந்த வீட்டிலேயே முதன்முதலாகப் படித்துப் பட்டம் வாங்கியவள் என்பதால் வந்த பெயர். விலங்கியல். படித்து முடித்து ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிறாள் என்பதால் அந்தப் பெயரை அவன் சொல்லும்போதெல்லாம் லேசாக இழுப்பான். அவளுக்குச் சொல்லவேண்டியது வேறு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்குவாரிக்காரர் வருகிறார். குட்டியைக் கொண்டுபோய்க் குவாரி வாசலில் சங்கிலியில் கட்டப்போகிறார். இன்று வெள்ளி.

குட்டி என்று பெயரே தவிர, நின்றால் அவள் இடுப்புக்கு வருவான். ஆட்டு மந்தைக் காவலுக்கென்றே வளர்க்கிற, சடைசடையாக வெள்ளை மயிர் தொங்குகிற ஜாதி. நானூறு கோழியும் இருபது ஆடும் இருக்கிற பண்ணையில் நரியும் தெருநாய்க் கூட்டமும் வாரம் தவறாமல் கை வைத்துக்கொண்டிருந்ததால், மலைப்பக்கத்தில் ஆடு வளர்க்கும் ஒரு அம்மாளிடமிருந்து பெரியப்பா அவனை வாங்கி வந்தார். இரண்டு மாதக் குட்டி. அட்டைப் பெட்டிக்குள் அடங்கினான். ரெண்டு வயசு ஆகிறவரை கோழிகளோடு தனியாக விடாதீர்கள் என்று அந்த ஆட்டுக்கார அம்மாள் சொன்னதற்குப் பெரியப்பா தலையாட்டினார். அவர் தலையாட்டினால் காதில் விழவில்லை என்று அர்த்தம்.

ஒன்பது மாதத்தில் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டான். ஆளைப் பார்த்து வயதைச் சொல்லிவிட்டார்கள். இனி இவன் காவல்காரன் என்று திறந்துவிட்டார்கள். நரி வருவது நின்றது. ஆனால் ஒருநாள் விடிந்து பார்த்தால் கோழிக்கூடத்து வாசலில் ஒரு கோழி கழுத்து தொங்கிக் கிடந்தது. குட்டியின் வாயில் இறகு.

அதற்கு அந்த வீட்டில் ஒரு வைத்தியம் உண்டு. செத்த கோழியைச் சணலில் கோத்து நாயின் கழுத்தில் கட்டிவிடுவார்கள். மூன்று நாள். நாற்றம் தாங்காமல் நாய் கோழியையே வெறுத்துவிடுமாம். இரண்டாம் நாள் குட்டி அதைத் தலைக்கு அண்டைக்கொடுத்துத் தூங்கினான். வெறுத்துப்போனது வீட்டில் இருந்தவர்கள்தான். பெரியம்மா மூக்கை மூடிக்கொண்டு நடமாடினாள். அடுத்த வாரம் இரண்டு கோழி. போன செவ்வாய்க்கிழமை மூன்று. அன்றிலிருந்து குட்டி 'அவன்' இல்லை, 'அது' ஆகிவிட்டான். ரத்தம் ருசி பார்த்தது இனி வைத்துக்கொள்ள லாயக்கில்லை என்று முடிவாயிற்று.

அவளுக்கு மட்டும் ஒரு விஷயம் உறுத்தியது. ருசி பார்த்ததாகச் சொல்கிறார்களே, எதைத் தின்றான்? ஆறு கோழியும் முழுசாகக் கிடந்தன. கழுத்து மட்டும் முறிந்திருந்தது.

புதன்கிழமை காலையில் கல்லூரி ரெக்கார்டு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களை எடுத்துக்கொண்டு, தீவன டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுக் கோழிமுற்றத்தில் உட்கார்ந்தாள். குட்டியின் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். அண்ணன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பரீட்சை யாருக்கு, உனக்கா அதுக்கா என்று கேட்டுவிட்டுப் போனான். அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

பத்து மணிக்கு ஆட்டுக்குட்டி ஒன்று அவன் முதுகில் ஏறி நின்றது. அவன் இன்னும் தாழ்வாகப் படுத்துக்கொண்டான். பதினொன்றுக்குச் செங்கோழி ஒன்று வந்து அவன் சடையில் ஒட்டியிருந்த தவிட்டைக் கொத்தித் தின்றது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பொறுத்திருந்தான். நண்பகலில் பருந்து நிழல் முற்றத்தில் விழுந்தது. எழுந்து நின்று வானத்தைப் பார்த்து இரண்டு முறை குரைத்தான். கோழிகள் ஓடிவந்து அவன் காலடியில் ஒண்டின. ஒண்டியவற்றை அவன் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இவனா கொன்றான்? நாளெல்லாம் கோழிக்கு நடுவில் படுத்துக்கிடப்பவனுக்கு எந்த நேரத்தில் புத்தி மாறுகிறது?

ஐந்தரைக்குப் பெரியம்மா தகரத் தட்டைத் தட்டினாள். கோழிகளை அடைக்கும் நேரம். நானூறு கோழியும் சிறகடித்துக்கொண்டு கூடத்தைப் பார்த்து ஓடின. அவள் இடுப்பில் கயிறு வெடுக்கென்று இழுத்தது. குட்டி எழுந்து நின்றிருந்தான். காது முன்னால் மடிந்திருந்தது. ஓடுகிற கோழிகளை அவன் பார்க்கவே இல்லை. முற்றத்து முருங்கை மரத்தடியில் இன்னும் சாவகாசமாகக் கிளறிக்கொண்டிருந்த இரண்டு கோழிகளைப் பார்த்தான். பிறகு திரும்பிப் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தான். மறுபடி அந்த இரண்டு கோழிகளை.

நோட்டை மூடினாள். செத்த ஆறும் எங்கே கிடந்தன? மரத்தடியில் இல்லை, வேலியோரத்தில் இல்லை. ஆறும் கூடத்து வாசலில். மூன்று செத்த அன்றைக்கு வரிசையாகவே கிடந்தன. இவன் வேட்டையாடவில்லை. வேலை பார்த்திருக்கிறான். சாயங்காலம் எல்லாரும் தட்டைத் தட்டிக் கூடத்தை மூடிவிட்டுப் போனபிறகு, வெளியே தங்கிவிட்டவற்றைத் தூக்கிக்கொண்டுவந்து வாசலில் வைத்திருக்கிறான். வாய்தான் பெரிதாகிவிட்டது.

இந்த வேலையை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்பது அடுத்த கேள்வி. அதற்கு அவள் எங்கேயும் போகவேண்டியிருக்கவில்லை. கைப்பேசியைத் திறந்து குடும்பக் குழுவில் ஐந்தாறு மாதம் பின்னால் போய் ஒரு பழைய வீடியோவைத் தேடினாள். இருந்தது.

வியாழக்கிழமை ஆட்டுக்கார அம்மாளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அந்த அம்மாள் ஆறு கோழிக்கு உச்சுக்கொட்டிவிட்டு, வாசலில் வரிசையாக வைத்தான் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் ஆத்தாளும் முதல் வருஷம் ஒரு ஆட்டுக்குட்டியை அப்படித்தான் தூக்கித் தூக்கி என்னிடம் கொண்டுவந்தாள் என்றாள். மாறுவானா என்று கேட்டதற்கு, தெரியாது, சில நாய் மாறும், சிலது மாறாது, இன்னும் ஒரு வருஷம் கயிறும் கண்ணும் வேண்டும், தட்டுகிற சத்தம் காதில் விழக்கூடாது என்று பதில் வந்தது. கூடவே, தன்னிடம் குட்டி போடுகிற ஆடுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றும், தங்க அறை இருக்கிறது என்றும், வைக்கோல் வண்டி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சந்தை முனையில் நிற்கும் என்றும் சொன்னாள். வர்றியா? அவள் சரி என்றாள். சொல்லி முடித்தபிறகுதான், யாரையும் கேட்காமல் ஒன்றைச் சொல்லியிருக்கிறோம் என்பதே உறைத்தது.

ஆனாலும் முட்டை அறைக்கு வந்தாள். கேட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளாமல் போக அவளுக்கு மனசில்லை.

"இதைப் பாருங்க பெரியப்பா" என்று கைப்பேசியை முட்டை அட்டைமேல் சாய்த்து வைத்தாள்.

நான்கு மாதக் குட்டி. பஞ்சுமூட்டை மாதிரி இருந்தான். பெரியம்மா தட்டைத் தட்டுகிறாள். கோழிகள் ஓடுகின்றன. ஒரே ஒரு கோழி மட்டும் பின்தங்குகிறது. குட்டி தத்தித் தத்தி அதன்பின்னால் போகிறான். அண்ணன் கைதட்டுகிறான். படம் எடுக்கிறவரின் குரல்தான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்கிறது: விடாதே, பிடி, தூக்கிட்டு வா, அப்படித்தான்டா என் சிங்கம். குட்டி கோழியின் வாலைக் கவ்வி இழுத்துவந்து வாசலில் விடுகிறான். வீடே சிரிக்கிறது. குரல் பெரியப்பாவுடையது.

பெரியப்பா அதைப் பார்த்தார். மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். "எவ்வளவு சின்னவனா இருந்திருக்கான்" என்றார், தனக்குள் சொல்வதுபோல. அவன் என்றார். அதை அவள் கவனித்தாள்.

அண்ணன் தலையைச் சொறிந்தான். அப்போ நாங்கதான் கெடுத்தோமா என்று கேட்டான். கேலியில்லாமல்தான் கேட்டான். ஆமாம் என்றாள். மழுப்ப அவளுக்கு வராது. பத்துக் கோழியோடு பின்னாடி அடைப்பில் ஒரு வருஷம், இடுப்பில் கயிறோடு, தட்டுச் சத்தம் இல்லாமல், ஓடுகிற கோழியைப் பார்த்தும் படுத்தே கிடக்க அவனைப் பழக்குகிறேன், நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று விளக்கினாள்.

பெரியப்பா கையிலிருந்த முட்டையை மெதுவாக அட்டையில் வைத்தார்.

"நாயை வெச்சுக்கோ. குவாரிக்காரன்கிட்ட நான் சொல்லிக்கறேன். ஆட்டுத் தொழுவத்துல சங்கிலி போட்டுக் கட்டு."

"சங்கிலி வேண்டாம் பெரியப்பா. கட்டிப்போட்டா அவன் எதையும் கத்துக்க மாட்டான். அடைப்பைக் கேட்டேன்."

"அதை நீ கேக்கக் கூடாது." குரல் உயரவில்லை. தம்பி இருந்த பக்கம் திரும்பினார். "அது உங்கப்பன் கேக்கவேண்டியது. அவன் கேக்கட்டும். இப்பவே கேக்கட்டும், சாவியைத் தரேன்."

அவர் முகத்தில் சூது எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் அவரும் இதற்காகத்தான் காத்திருந்தாரோ என்னவோ. எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா கையிலிருந்த முட்டையைப் பார்த்தார். வெளியே கோழிகள் கொக்கரிப்பது கேட்டது. அவளுக்கு ஒரு நிமிஷம் குட்டியே மறந்துபோயிற்று. அப்பாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேளுங்கப்பா, ஒரு வாக்கியம்தான்.

"அண்ணன் பார்த்து எது செஞ்சாலும் சரி" என்றார் அப்பா.

பெரியப்பா கையை விரித்தார். பார்த்தாயா என்பதுபோல. அதில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அந்த அறையில் இருந்த அத்தனை முட்டையும் போதாது. ஆனால் கத்தவில்லை. யாரிடம் கத்துவது? இந்த மனிதரையும் யாரோ சின்ன வயதில் கைதட்டித்தான் இப்படிப் பழக்கியிருக்கிறார்கள். அதை எந்தக் கைப்பேசியில் தேடி எடுப்பது?

"அப்போ நான் கிளம்பறேன். குட்டியும் வரான்." எங்கே, எதற்கு, எந்த வண்டியில் என்று மூன்றையும் சொன்னாள். நம்பர் எழுதிய தாளை அட்டைமேல் வைத்தாள். அண்ணன் விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். பெரியப்பா தடுக்கவில்லை. சங்கிலி வேண்டுமா என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றாள்.

பை காலையிலேயே கட்டியாயிற்று. எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அம்மா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். கேட்டுட்டியா என்று உதடு மட்டும் அசைந்தது.

"கேட்டேன்மா. ஒண்ணும் ஆகலை. கூரை அப்படியேதான் இருக்கு."

அம்மா கூரையை நிமிர்ந்தே பார்த்துவிட்டாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. நின்று கண்டுபிடிக்க நேரமும் இல்லை. மணி இரண்டே முக்கால்.

வெளிக்கதவைத் திறந்தாள். அட்டைப் பெட்டியில் உள்ளே வந்த நாளுக்குப் பிறகு குட்டி அந்தக் கதவைத் தாண்டியதே இல்லை. வாசற்படியில் நின்று தெருவை முகர்ந்தான். எதிர்க் கடையில் டயருக்குக் காற்றடிக்கிற சத்தம், சைக்கிள் மணி, ஒரு குழந்தையின் அழுகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காதைத் திருப்பினான். அவள் இழுக்கவில்லை. எந்தக் காலை முதலில் வைக்கப்போகிறான் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். இடது முன்னங்கால். சரி என்று அவளும் படி இறங்கினாள்.