சகலை கையில் கட்டிய வாட்ச்

சட்டப் புத்தகங்கள் அச்சிடும் அச்சகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை பிழை திருத்தியவர் அவர். ஒரு கமா இடம் மாறிக் கிடந்தாலும் அந்தப் பக்கத்தை நகரவிட மாட்டார். அதனால் அச்சகத்தில் அவருக்குக் 'கமா' என்றே பெயர். நாளடைவில் அது வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. மாமனார் வீட்டு ஆட்கள்கூட "கமா வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

ஓய்வு பெற்ற வருடமே கமாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். தினமும் நடக்க வேண்டும், மாத்திரையைவிட அதுதான் முக்கியம் என்று டாக்டர் சொன்னதைப் பக்கத்தில் நின்ற மகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வேறு ஊரில் நீச்சல் பயிற்சி கொடுப்பவள் அவள். ஊருக்குத் திரும்பிய கையோடு, ஓட்டப்பந்தயக்காரர்கள் கட்டிக்கொள்ளும் வாட்ச் ஒன்றை வாங்கி அனுப்பிவைத்தாள். எவ்வளவு தூரம் நடந்தார், அப்போது இதயம் எப்படித் துடித்தது என்பதையெல்லாம் அது குறித்துக்கொண்டு, அவருடைய போன் வழியாக அவளுடைய போனுக்குக் காட்டிவிடும்.

முதல் நாள் ஏரிக்கரைப் பாதையில் பாதிச் சுற்றுகூடப் போயிருக்க மாட்டார், காதுக்குள் தன் நெஞ்சு அடிக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. வழியில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வலி எதுவும் இல்லை. பயம், அவ்வளவுதான். மறுநாளும் அதே பெஞ்சுவரைதான் போக முடிந்தது. இத்தனை வயதுக்கு மேல் நடக்கப் பயமாக இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? மனைவியிடம்கூட அவர் வாயைத் திறக்கவில்லை.

அதே பாதையில் தினமும் காலையில் அவருடைய சகலை நடப்பார். மனைவியின் தங்கை கணவர், அடுத்த தெருவில் வீடு. லிஃப்ட் மெக்கானிக். வாட்டசாட்டமான ஆள், எட்டு வைத்தால் கூட வருபவர் ஓட வேண்டியிருக்கும். அவரிடம் கமா முட்டிவலி என்று சொன்னார். மகள் அங்கே உட்கார்ந்துகொண்டு கவலைப்படுகிறாள், நாலு நாளைக்கு இந்த வாட்சைக் கட்டிக்கொண்டு நடந்தால் போதும் என்று கேட்டார்.

சகலைக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளையை ஏமாற்றுவது போல ஆகாதா என்று இழுத்தார். ஆனாலும் மூத்தவர், உடம்பு முடியாதவர் கேட்கிறார் என்று கையை நீட்டினார்.

நாலு நாள் மாதக்கணக்கில் நீண்டது. சகலை ஏரியைச் சுற்றுவார். கமா பெஞ்சில் உட்கார்ந்து, பேப்பரில் வந்திருக்கும் எழுத்துப்பிழைகளைப் பென்சிலால் சுழித்துக்கொண்டிருப்பார். சில நாள் எதிரே இருந்த பேக்கரியில் ஒரு கிரீம் பன்னும் உள்ளே போகும். சகலை திரும்பி வந்ததும் வாட்சை வாங்கிக் கட்டிக்கொண்டு, நடந்து களைத்தவர் மாதிரி வீட்டுக்குப் போவார். மகளிடமிருந்து பாராட்டு வரும். அவர் மனைவியிடம் அதை வாசித்துக் காட்டுவார்.

ஒருநாள் பாராட்டுக்குப் பதில் மகளே வந்து இறங்கினாள். இதயத் துடிப்பில் தாளம் தப்புகிறது, டாக்டரைப் பார்க்கவும் என்று வாட்ச் அவளுக்குத் தகவல் அனுப்பியிருந்தது. லீவு போட்டுவிட்டு அப்பாவைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மார்பில் கருவியை ஒட்டி ஒரு நாள் முழுக்கப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. வாட்ச்தான் தப்பாகக் காட்டியிருக்கும் என்றார் டாக்டர். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வாரண்டி இருக்கிறது, கொடுத்து வேறு வாட்ச் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பில்லை எடுத்து அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

அந்த டாக்டர் அறையிலேயே கமாவுக்கு ஒன்று தோன்றியது. வாட்ச் குறித்த துடிப்பு அவருடையது இல்லையே, சகலையுடையது. உடனே அந்த நினைப்பை ஒதுக்கித் தள்ளினார். மாடி மாடியாக ஏறி இறங்குகிற ஆளுக்கு என்ன வந்துவிடப் போகிறது? டாக்டரே வாட்சில்தான் கோளாறு என்கிறார், நாம் என்ன டாக்டருக்கு மேலா? மறுநாள் காலையில் வழக்கம்போல வாட்சைக் கழற்றிச் சகலையிடம் நீட்டினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் வாட்ச் தொலைந்தது. முகம் கழுவுவதற்காகக் கழற்றிக் குழாய்மேடையில் வைத்த சகலை, மறந்துவிட்டு நடந்திருக்கிறார். திரும்பி ஓடிப்போய்ப் பார்த்தால் மேடை காலி. ஏரிக்கரை முழுக்கத் தேடிவிட்டு வந்தவரின் முகத்தில் ஈயாடவில்லை. நானே பிள்ளைக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன், வேறு வாங்கிக் கொடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சினார். கமாவுக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது. உங்கள் கைக்கு அது எப்படி வந்தது என்று அவள் கேட்பாளே. நீங்கள் எதுவும் பேச வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்த மனிதரின் வாயை அடைத்தார். மகளிடம், வாட்சைக் கம்பெனியில் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அவளும் நம்பினாள்.

சர்வீஸ் சென்டர் கடைத்தெருவில் ஒரு மாடியில் இருந்தது. டோக்கன் வாங்கிக்கொண்டு, சைக்கிள் ஓட்டுகிற பையன்களுக்கும் ஓட்டக்காரப் பெண்களுக்கும் நடுவில் கமா கையில் பில்லோடு உட்கார்ந்திருந்தார். என்ன சொல்வது என்று முதல் நாளே யோசித்து, அடித்து, திருத்தி வைத்திருந்தார். முறை வந்ததும் கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்த சர்வீஸ் இன்ஜினியரிடம் அதை ஒப்பித்தார். இன்ஜினியர், மகள் வயதுதான் இருக்கும் ஒரு பெண். அந்த வாட்ச் ஆரம்பத்திலிருந்தே கோளாறு. நல்ல மனுஷனுக்கு இதய நோய் என்று காட்டிக் குடும்பத்தையே அலைக்கழித்தது. போதாததற்குப் பட்டையும் தானாக விட்டுப்போய் வாட்ச் எங்கோ விழுந்துவிட்டது. எல்லாம் உங்கள் தயாரிப்பின் தப்பு, அதனால் புதியது தர வேண்டும் என்று முடித்தார். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையும் எடுத்து வைத்தார்.

தொலைந்த பொருளுக்கு வாரண்டி கிடையாது சார் என்று அவள் தன்மையாகச் சொன்னாள். கமா விடவில்லை. குரல் உயர்ந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் அவள் ஒரு வழி சொன்னாள். வாட்ச் அனுப்பிய பதிவெல்லாம் கம்பெனியில் இருக்கும், நீங்கள் சம்மதித்தால் அதைச் சோதித்துப் பார்க்கிறோம், தொலைவதற்கு முன்பே பழுது என்று தெரிந்தால் மேனேஜரிடம் பேசுகிறேன் என்றாள். கமா சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். படியிறங்கும்போது, பேசின பேச்சுக்குத் தன்னையே மெச்சிக்கொள்ளவும் செய்தார்.

அடுத்த வாரம் கூப்பிட்டார்கள். இந்த முறை அந்தப் பெண் அவரைக் கண்ணாடி மேசை முன் நிறுத்திப் பேசவில்லை. உள்ளே ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். மடக்கிய காகிதத்தை விரித்து வைத்தாள். அதில் கோடுகள் மேலும் கீழுமாக ஓடின.

"வாட்ச்ல பழுது இல்ல சார்," என்றாள். "பழுதா இருந்தா எப்பவுமே கண்டபடி காட்டியிருக்கும். இது அப்படி இல்ல. பெரும்பாலும் ஒழுங்கா இருக்கு. வேகமா நடந்துட்டு நடையைத் தளர்த்துறப்பதான் தாளம் தப்புது. திரும்பத் திரும்ப அதே மாதிரி."

கமா ரிப்போர்ட்டைச் சுட்டிக் காட்டினார்.

"அதையும் பார்த்தோம். ரெண்டும் ஒரே ஆளோடதுன்னு எங்களுக்குத் தோணல. எட்டு வைக்கிற தூரம்கூட உங்க உயரத்துக்கு ஒத்து வரல." கொஞ்சம் நிறுத்தினாள். "வாட்சை நீங்கதான் கட்டியிருந்தீங்களா சார்?"

"நான்தான்," என்றார் கமா.

சொன்ன மாத்திரத்தில் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. அவள் எதிர்த்துப் பேசவில்லை. முகத்தில் ஒரு சின்னச் சுளிப்புகூட இல்லை. காகிதத்தை மடித்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சரிங்க சார். நான் டாக்டர் இல்ல. ஆனா யார் கட்டியிருந்தாலும் சீக்கிரம் ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டிடுங்க. தள்ளிப் போடாதீங்க."

வெளியே வந்தவருக்குப் பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம் என்று ஒரு நிமிடம் புரியவில்லை. யார் கட்டியிருந்தாலும் என்றாளே. பொய் என்று தெரிந்தும், அவரைக் கூச வைக்கக்கூடாது என்று அப்படிச் சொல்லியிருக்கிறாள். அந்த மரியாதைதான் அவரைக் கூனிக் குறுக வைத்தது. ஆஸ்பத்திரியில் தோன்றிய அன்றே சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் அந்த மனிதரை ஏரியைச் சுற்றவிட்டு, நாம் பன் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம் என்ற நினைப்பு வந்ததும் நடுத்தெருவில் உடம்பெல்லாம் கூசியது.

சகலைக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. சகலையின் மனைவியிடம் கேட்டதில், துணிக்கடைத் தெருவில் ஓர் ஆபீஸ் கட்டடத்தில் வேலை என்று தெரிந்தது. அங்கே போனால் லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. மெக்கானிக் மொட்டைமாடி மோட்டார் அறையில் இருக்கிறார் என்றார் காவலாளி. கமா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினார். ஒவ்வொரு மாடியிலும் நின்றார். காதுக்குள் நெஞ்சு அடித்தது. உட்கார்ந்துவிட்டால் எழ மாட்டோம் என்று தோன்றியதால் உட்காரவில்லை.

மோட்டார் அறையில் சகலை முழங்கை வரை கிரீஸோடு குனிந்திருந்தார். இவரைப் பார்த்ததும் பதறிப்போய் ஒரு பெட்டியைத் தள்ளிப் போட்டு உட்காரச் சொன்னார். கமா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். முட்டிவலி பொய் என்பதிலிருந்து, மகள் ஏன் ஓடி வந்தாள், டாக்டர் என்ன சொன்னார், இன்று அந்தப் பெண் என்ன சொன்னாள் என்பது வரை. காகிதத்தை நீட்டினார். சகலை கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"இது என்னுதா?"

"உங்களுதுதான்."

சகலை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சாயங்காலமானா சில நாள் லேசா படபடன்னு வரும்," என்றார். "வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்." காகிதத்தை மடித்தார். "உங்களுக்கு எப்போ தெரியும் சகலை?"

கமாவின் வாழ்நாள் தொழிலே வார்த்தைகளோடுதான். பூசி மெழுக ஒரு வார்த்தை தேடினால் அப்போதும் கிடைத்திருக்கும்.

"பொண்ணு வந்தப்பவே தோணுச்சு," என்றார். "சொன்னா நான் மாட்டிப்பேன். அதனால சொல்லல."

சகலை மறுபடி குனிந்து போல்ட்டை முறுக்கினார். கீழே ஜனங்கள் காத்திருக்கிறார்கள், பாதியில் விட்டுப் போக முடியாது என்றார். வேலையை முடித்து, ஸ்விட்சைப் போட்டு, கயிறு சீராக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பையை எடுத்தார். லிஃப்டில் இருவரும் ஒன்றாகவே இறங்கினார்கள். சுவரில் பதித்த கண்ணாடியில் கமா தன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. வாட்ச் சொன்னது சரிதான். தாளம் தப்பித் துடிக்கும்போது ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விட வாய்ப்பு உண்டு, இப்போதாவது வந்தீர்களே என்று டாக்டர் சொன்னார். மாத்திரை ஆரம்பித்தார்கள். பயப்பட வேண்டாம், ஆனால் லிஃப்ட் குழிக்குள் இறங்குகிற வேலையெல்லாம் கொஞ்ச காலத்துக்கு ஆகாது என்று நிறுத்திவிட்டார்கள். லிஃப்ட் கம்பெனியில் சகலையைப் புகார் வாங்கும் போனுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள்.

மகளிடம் கமாவே போனில் சொன்னார். அவள் கத்தவில்லை.

"காலையில எழுந்ததும் முதல்ல அதைத்தான்ப்பா பார்ப்பேன்," என்றாள். "இத்தனை நாளும் சித்தப்பாவைத்தான் பார்த்திருக்கேன்." பயமாக இருந்தது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டாள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

மனைவி அவரோடு பேசினாள், ஆனால் தேவைக்கு மட்டும். நீங்களே போய் அவளிடம் சொல்லிவிட்டு வாருங்கள், உங்களுக்காக நான் தூது போக மாட்டேன் என்று தங்கை வீட்டுக்கு அனுப்பினாள்.

கமா போனபோது சகலை வேலைக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் கமா போனதும். மச்சினி துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காருங்க என்றாள். அவர் உட்காராமல், செய்தது தப்பு, மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார். அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அவருக்கு உங்க மேல கோபம் இல்ல. நீங்க படியேறி வந்ததையே பத்துப் பேர்கிட்ட சொல்லிட்டிருக்கார்," என்றாள். "எனக்கு இன்னும் மனசு ஆறல மாமா. ஆறினா நானே சொல்றேன். அதுவரைக்கும் கேக்காதீங்க."

"சரிம்மா," என்றார் கமா.

அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நின்றபடியே குடித்தார். டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றவரிடமிருந்து அவளே அதை வாங்கிக்கொண்டு, அடுத்த துணியை எடுத்தாள்.