எல்லைக்கல் முன்னால் போகிறது

1

இந்தக் கதை பெத்தனுடையது. மானகிரிப் பக்கம் செம்புராங்கல் குழியில் நானும் அவனும் கல் வெட்டிய நாட்களில், கஞ்சிக்கு உட்கார்ந்தால் இதைத்தான் சொல்லுவான். எத்தனை முறை கேட்டாலும் புரையேறும்வரை சிரிப்போம். இன்று அந்தக் குழியில் கருவேலம் மண்டிவிட்டது, பெத்தனும் இல்லை.

எழுத உட்கார்ந்து முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அறுபத்தேழு, மாசி மாதம். காற்றெங்கும் மாற்றத்தின் வாசனை வீச…'

(பொய். காற்றில் கல்தூசிதான் இருந்தது.)

2

மலையம்மாளிடமிருந்து தொடங்குகிறேன். புருசனைக் குழிச்சரிவில் பறிகொடுத்தவள். கல் சுமந்தே மகள் சின்னத்தாயியை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த அந்த மகள்தான் நிறைமாத வயிற்றோடு பெரிய ஊர் ஊருணிக்குப் போய்வந்தாள். போனால் மட்டும் போதாது. கல்வெட்டுகிற குடியிருப்புக்காரர்கள் ஊருணியில் இறங்கக்கூடாது. யாராவது மனமிரங்கி மொண்டு ஊற்றும்வரை கரையில் குடத்தோடு நிற்க வேண்டும்.

புதுக் கட்சிக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து, நாங்கள் வந்தால் உங்களுக்கென்று ஒரு கிணறு என்றார். அன்றிலிருந்து மலையம்மாள் எந்தக் கல்லைத் தூக்கினாலும் அதற்கடியில் தண்ணீர் தெரிந்தது.

(இந்த வரி கொஞ்சம் அலங்காரம். போகட்டும், இருக்கட்டும்.)

3

கோளாறு இங்கேதான். குடியிருப்பின் பெரியவர் பெரியகருப்பன் வாக்குப்பதிவு நாளை மறந்து, அதற்கு முன்பே மாசித் திருவிழாவுக்கு எல்லோருக்கும் காப்புக் கட்டிவிட்டார். காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை, சாமியாகக் கும்பிடுகிற எல்லைக்கல்லைத் தாண்டக்கூடாது. வாக்குச்சாவடியோ ஊருணிக்கு அங்குட்டு, பெரிய ஊர்ப் பள்ளிக்கூடத்தில்.

கூட்டம் போட்டார்கள். ஆளாளுக்குப் பெரியகருப்பனைக் கடிந்தார்கள். காப்பில்லாதவள் மலையம்மாள் ஒருத்திதான். ஆம்பளை இல்லாத வீட்டைத் தலைக்கட்டாக எண்ணி வரி வாங்குவதுமில்லை, காப்புக் கட்டுவதுமில்லை. கூட்டத்தில் அவளுக்குப் பேச்சும் கிடையாது.

"அக்கா, நீயே போயி எல்லாருக்கும் சேத்து ஓட்டுக் குத்திட்டு வந்துரு" என்றான் பெத்தன்.

அவள் பெரியகருப்பனைப் பார்த்துத்தான் பேசினாள். "கல்லத் தாண்டத்தானே கூடாதுங்கிறீக? கல்லு முன்னால போனா எதைத் தாண்டுவீக? நான் சொமக்கிறேன். பின்னாலயே வாங்க."

"சாமி ஒத்துக்கிருமா, ஆத்தா?"

"சாமிக்கு மட்டும் தண்ணி வேணாமா?"

(இதை அவள் சொன்னாளா, பெத்தன் சேர்த்தானா? நான் சேர்க்கவில்லை.)

4

சும்மாட்டின்மேல் எல்லைக்கல். அவளுக்கு முன்னால் ஒரு குஞ்சு குளுவான்கூடப் போகவில்லை. அவள் மூச்சுவாங்க நின்றால் குடியிருப்பே நின்றது. வழியில் வண்டிக்காரன் ஒருவன், என்ன, சாமி ஓட்டுப்போடப் போகுதா என்று கேட்டான். ஆமா, வயசு வந்துருச்சு என்றான் பெத்தன். பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கல்லை இறக்கி வைத்தாள். எல்லோரும் குத்தினார்கள். அவளும் குத்தினாள்.

இங்கே முடித்திருக்கலாம். 'புதுக் கட்சி வென்றது, கிணறு…' என்று எழுதி நிறுத்தினேன். கட்சி வென்றது உண்மை. கிணற்றுக்கு அளந்துவிட்டுப் போனார்கள், அதுவும் உண்மை. அப்புறம் யாரும் வரவில்லை.

5

ஆனால் திரும்பும்போது கல் கடைசியில்தானே வர வேண்டும்? முன்னால் வந்தால் பின்னால் வருகிறவர்கள் எல்லைக்கு வெளியே ஆகிவிடுவார்களே. எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். மலையம்மாள் தனியாக ஊருணிக் கரைக்கு வந்தாள். நாக்கு வறண்டு ஒட்டியது. கரையில் மொண்டு ஊற்ற ஆளில்லை. கல்லைத் தண்ணீருக்கு அங்குட்டு, பள்ளிக்கூடத்துப் பக்கமே இறக்கி வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். கல்லுக்கு இங்குட்டு, எல்லைக்கு உள்ளே, ஊருணி. அதற்கும் இங்குட்டு அவளுடைய குடியிருப்பு.

அவள் குடித்தாள் என்பான் பெத்தன். அவன் அங்கே இல்லை. அம்மா தாகத்தில் வாய் வெடிக்கத்தான் வீடு வந்தாள் என்கிறாள் சின்னத்தாயி. அவளும் அங்கே இல்லை.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். ஊருணிக் காவல்காரன் சத்தம் போட்டு ஓடிவருவதாகவும் எழுதினேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். ஊருணியின் முதல் படியில் ஒரு கால் வைத்திருக்கிறாள். இதற்குமேல் நான் எழுதினால், கரையில் நின்று மொண்டு ஊற்றுகிற ஆளாக நானும் ஆகிவிடுவேன்.

நீங்களும் ஊற்றிவிடாதீர்கள். சற்றே தள்ளி நில்லுங்கள், அவள் இறங்கட்டும்.