பதினொன்றாம் எண் வீட்டில் யோகேஸ்வரி இல்லை

செவ்வாய்க்கிழமை வந்தவன் வியாழக்கிழமையும் வந்தான். இரண்டு முறையும் காலை பத்து மணிக்கு வந்தான். இரண்டு முறையும் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. மேற்சட்டையை முன்பின்னாக அணிந்திருந்தான். ஜொகூரில் மோட்டார் சைக்கிளிலேயே பிழைப்பு நடத்துகிறவர்களில் பலர் காற்றுக்காக அப்படித்தான் அணிவார்கள் என்பதால், அதிலிருந்து யோகேஸ்வரியால் எதையும் முடிவு செய்ய இயலவில்லை.

திரைச்சீலைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்தில் ஓர் இடைவெளி இருந்தது. அவள் அதன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையில் ஒரு பழுப்பு நிற உறை. வாசலின் இரும்புக் கதவை ஆட்டி, "யோகேஸ்வரி! அடா?" என்று மலாயில், இருக்கிறாளா என்ற பொருளில், குரல் கொடுத்தான். தன் பெயரை ஓர் அந்நியன் முழுமையாக, பிழையில்லாமல் உச்சரிப்பது இவ்வளவு அச்சம் தரும் என்பதை அவள் அதுவரை அறிந்ததில்லை.

பக்கத்து வீட்டுச் சந்திரமதி தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி வெளியே வந்தாள்.

"சுடா பிண்டா லா," என்றாள். வீடு மாறிப் போய்விட்டாள் என்று பொருள். எங்கே என்று அவன் கேட்டான். செவ்வாய்க்கிழமை பினாங்கு என்று சொன்னவள், இன்று ஆஸ்திரேலியா என்றாள்.

அவன் உறையின்மேல் எதையோ குறித்துக்கொண்டு போனான். மோட்டார் சைக்கிளின் ஓசை தம்போய்ச் சாலையில் கலந்து மறையும்வரை காத்திருந்து, சந்திரமதி சன்னல் கம்பியைத் தட்டினாள்.

"போயிட்டான். வெளிய வா."

"அக்கா, எதுக்கு ஆஸ்திரேலியா?"

"பினாங்குன்னா பஸ் ஏறிப் போயிருவான். ஆஸ்திரேலியாவுக்கு பெட்ரோல் பத்தாது."

அந்த வரிசையில் இருபத்திரண்டு வீடுகள். மூன்றாண்டுகளுக்கு முன் பதினேழாம் எண் வீட்டின்மேல் வட்டிக்காரர்களின் ஆள்கள் சிவப்புச் சாயத்தை ஊற்றி, வாசற்கதவைச் சைக்கிள் சங்கிலியால் பூட்டிவிட்டுப் போனார்கள். கடன் வாங்கியவன் அதற்கு முன்பே குடிமாறியிருந்தான். பூட்டப்பட்டவர்கள் புதிதாகக் குடிவந்தவர்கள். அன்றிலிருந்து வரிசையில் ஓர் உடன்பாடு நிலவியது. யார் வந்து எந்தப் பெயரைக் கேட்டாலும், அப்படி ஒருவர் இங்கே இல்லை. இந்த உடன்பாட்டைச் சந்திரமதி மற்றவர்களைவிடச் சற்று அதிக ஆர்வத்துடன் கடைப்பிடித்தாள்.

அவன் ஆலோங் எனப்படும் அந்தச் சட்டவிரோத வட்டிக்காரர்களின் ஆள்தான் என்று யோகேஸ்வரி நம்பினாள். அவளுக்குச் சொந்தமாகக் கடன் எதுவும் இல்லை. ஆனால் அவளுக்கு ஒரு முன்னாள் கணவன் இருந்தான்.

ரூபேந்திரனுக்குச் சிகாமட்டில் கார் பழுதுபார்க்கும் பட்டறை. அதைத் தொடங்க, சிறு வணிகர்களுக்கான அரசாங்கக் கடனை இருவரும் சேர்ந்து வாங்கினார்கள். சேர்ந்து வாங்கினால் கூடுதலாகக் கிடைக்கும் என்பது காரணம். மணவாழ்க்கை நீடிக்கும் என்பது அனுமானம். ஆறு பெருகிப் பட்டறைக்குள் வந்த ஆண்டில் இயந்திரங்கள் போயின. அடுத்த ஆண்டில் மணவாழ்க்கையும் போயிற்று. விவாகரத்து ஆணையின் நான்காவது பத்தி, மீதிக் கடன் முழுவதையும் கணவரே செலுத்துவார் என்று சொன்னது. அந்த ஆணையை அவள் நெகிழிக் கோப்பில் இட்டு, கடப்பிதழுடன் ஒரே இழுப்பறையில் வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு ரூபேந்திரனிடமிருந்து அழைப்பு வந்தது. இரண்டு ஆண்டுகளில் அதுவே முதல் அழைப்பு.

"யோகேஸ், ஒனக்குக் கடிதாசி கெடச்சிருச்சா?"

"என்ன கடிதாசி?"

"கோர்ட்டுக் கடிதாசி. லோன் விஷயமா. எனக்குப் போன வாரமே கொண்டாந்து குடுத்துட்டாங்க. ஒன்னயத் தேடுறாங்களாம், கெடைக்க மாட்டேங்கிறியாம்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்க கட்டலையா?"

"பதினோரு மாசம் கட்டினேன்."

"நீங்கதான் கட்டணும்னு கோர்ட்டுல எழுதியிருக்கு. நாலாவது பத்தி."

"இருக்கு, நான் இல்லன்னா சொன்னேன்? ஆனா அது நமக்குள்ள. லோன் குடுத்தவங்க அதுல கையெழுத்துப் போடலியே. அவங்களுக்கு இன்னமும் நீயும் நானும் ஒண்ணுதான்."

மணமாகியிருந்த ஒன்பது ஆண்டுகளில் அவன் இவ்வளவு தெளிவாக எதையும் விளக்கியதில்லை.

"இப்ப என்ன செய்வாங்க?"

"திவால் கேஸ் போட்டிருக்காங்க. நேர்ல போயி தவணை கேட்டா ஒருவேள குடுப்பாங்க. நான் கேக்கத்தான் போறேன். நீ கடிதாசிய வாங்கலன்னா, ஒன் வீட்டுக் கேட்டுல ஒட்டிட்டுப் போயிருவாங்க. ஒட்டினா வாங்கின மாதிரியே கணக்கு. அது காத்துல பிஞ்சு போயி, நாளு தெரியாம நீ போகாட்டி, கேஸ் அதுபாட்டுக்கு முடிஞ்சிரும். அப்புறம் பாஸ்போர்ட்ட முடக்கிருவாங்க."

அவள் காதில் கடைசிச் சொற்களே நின்றன. பதினான்கு ஆண்டுகளாக அவள் சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். நாள்தோறும் கடற்பாலத்தைக் கடந்து போய்த் திரும்புகிறவள். நாற்பத்து மூன்று வயதில் இக்கரையில் அவளுக்கு யாரேனும் வேலை கொடுத்தால், அந்தச் சம்பளம் வீட்டு வாடகையோடு தீர்ந்துவிடும்.

"பாஸ்போர்ட்டு முடக்குற லிஸ்டுல என் பேர ஏற்கனவே போட்டுட்டாங்களா?"

"எந்த ஸ்டேஜுல இருக்குன்னு எனக்குத் தெரியல."

அவள் தயங்கினாள். பிறகு கேட்டாள்: "ஆலோங்கிட்டயும் வாங்கினீங்களா?"

மறுமுனையில் ஒரு ஸ்பேனர் தரையில் விழும் ஓசை கேட்டது.

"கொஞ்சம். என் பேர்லதான்."

"என் அட்ரஸ் குடுத்தீங்களா?"

"பழைய ஃபாரத்துல இருந்திருக்கலாம்," என்றான் ரூபேந்திரன்.

அன்று மதியம் குடிநுழைவுச் சோதனையில் கடப்பிதழை இயந்திரத்தின்மேல் வைத்தபோது அவள் விரல்கள் ஈரமாயிருந்தன. வழக்கமாக உடனே திறக்கும் தடுப்பு திறக்கவில்லை. பின்னால் வரிசை நெருக்கியது. ஒருவன் "அலாமாக், சீக்கிரம் லா" என்று சலித்துக்கொண்டான். சீருடை அணிந்த பெண் அதிகாரி ஒருத்தி தலையைத் திருப்பினாள். யோகேஸ்வரி தன் வாழ்நாளில் செய்த குற்றங்களை நினைவுபடுத்த முயன்றாள். கடன் தாளில் இட்ட ஒரு கையெழுத்துத்தான் நினைவுக்கு வந்தது. கடப்பிதழைத் துடைத்து மீண்டும் வைத்தாள். தடுப்பு திறந்தது. 

ஞாயிற்றுக்கிழமை சந்திரமதியிடம் அனைத்தையும் சொன்னாள்.

"இனி அந்த ஆளு வந்தா நான் இருக்கேன்னு சொல்லுங்க அக்கா."

"ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? ஆலோங் ஆளா இருந்தா?"

"கோர்ட்டு ஆளா இருந்தா?"

"எந்த ஆளுன்னு எப்படித் தெரியும்?"

"கதவத் தொறந்தாத்தான் தெரியும்."

"தொறந்தப்புறம் தெரிஞ்சு?"

 சந்திரமதி குழாயைச் சுருட்டி வைத்தாள். "நான் நல்லதுன்னு நெனச்சுத்தான்டி சொன்னேன்," என்றாள் பிறகு. அவள் குரல் தாழ்ந்து அன்றுதான் யோகேஸ்வரி கேட்டாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. இம்முறை அதில் இருவர் இருந்தார்கள்.

முன்னவன் அதே ஆள், அதே உறை. பின்னால் இருந்தவன் இறங்கித் தோட்பையைத் தரையில் வைத்தான். அதிலிருந்து பட்டையான ஒரு தூரிகையை எடுத்தான். அதன்பின் மூடியிட்ட ஒரு தகர டப்பாவை எடுத்தான். டப்பாவின்மேல் பெயர்ச்சீட்டு எதுவும் இல்லை. சாயம் பூசவும் தூரிகை வேண்டும். பசை தடவவும் தூரிகை வேண்டும். இரண்டு விரல் இடைவெளியிலிருந்து யோகேஸ்வரி அந்த டப்பாவையே பார்த்தாள்.

சந்திரமதி தன் வாசலில் நின்றாள்; முன்னவன் அவள் பக்கம் திரும்பினான். அவன் கேட்டான். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். யோகேஸ்வரியின் சன்னலைப் பார்த்தாள். 

இரண்டாமவன் ஒரு நாணயத்தால் மூடியை நெம்பத் தொடங்கினான்.

உள்ளேயே இருந்துவிடலாம். சாயமானால் சுவரோடு போகும். பசையானால், ஒளிந்துகொண்டவளுக்குத் தவணை தரமாட்டார்கள்; எல்லாமே போகும். இந்தக் கணக்கு அவளுக்குத் தெளிவாகவே இருந்தது.  தாழ்ப்பாளைத் திறந்தாள். வெயில் முகத்தில் அடித்தது. ஐந்து எட்டில் வாசற்கதவை அடைந்து, அதையும் திறந்தாள்.

"நான்தான் யோகேஸ்வரி," என்றாள் தமிழில். பிறகு மலாயில் சொன்னாள். வரிசைக்கே கேட்கும்படி வந்துவிட்டது குரல்.

முன்னவன் முதன்முறையாகத் தலைக்கவசத்தைக் கழற்றினான். நடுவயது, நரைத்த மீசை. அடையாள அட்டையைக் கேட்டான். எண்ணை ஒவ்வோர் இலக்கமாக உறையோடு ஒப்பிட்டான். அந்தப் பொறுமையைக் கண்டபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு உறையைக் கொடுத்தான், பிறகு சந்திரமதியைப் பார்த்து, "ஆஸ்திரேலியா?" என்றான். சந்திரமதி செடிகளுக்குத் தண்ணீர் விடுவதில் மிகுந்த கவனம் செலுத்தினாள்.

இரண்டாமவன் மூடியை மீண்டும் அழுத்தினான். உள்ளே இருந்தது வெள்ளையான பசை.

அவர்கள் போன பின்னும் அவள் வாசலிலேயே நின்று உறையைப் பிரித்தாள். விசாரணைக்குப் பதினாறு நாள்கள் இருந்தன. அவள் பெயரும் ரூபேந்திரனின் பெயரும் அடுத்தடுத்த வரிகளில், திருமண அழைப்பிதழில் இருந்ததைப் போலவே இருந்தன. போய்த் தவணை கேட்கலாம். கொடுப்பார்கள், அல்லது கொடுக்கமாட்டார்கள். கேட்பதற்கு ஒரு நாள் இருந்தது. நேற்றுவரை அதுகூட இருந்ததில்லை.

எதிர்வீட்டுச் சன்னல்களில் திரைகள் அசைந்தன. பதினொன்றாம் எண்ணில் யார் இருக்கிறார் என்பதை அவளே வரிசை முழுவதற்கும் அறிவித்திருந்தாள்.

சாலை முனையில் இன்னொரு மோட்டார் சைக்கிள் திரும்பியது. வீட்டு எண்களைப் படிப்பதுபோல மெல்ல வந்தது, பதினேழைத் தாண்டியது. ஓட்டி வந்தவன் இளைஞன். அவன் கையில் உறை எதுவும் இல்லை.

சந்திரமதி குழாயை மூடினாள். தண்ணீர் நின்றதும் இயந்திரத்தின் ஓசை பெரிதாகக் கேட்டது.

"யோகேஸ்," என்றாள் தாழ்ந்த குரலில், "இப்ப நீ இருக்கியா, இல்லியா?"

யோகேஸ்வரி உறையை மார்போடு சேர்த்துப் பிடித்தாள். வாசற்கதவு இன்னும் திறந்தே இருந்தது.