வலது காலைக் கழுவும்போது

எங்கள் வீட்டுப் பின்பக்கக் குழாயடியில் நீலப் பிளாஸ்டிக் கதிரை ஒன்று இருக்கும். தொழுகைக்கு முன்னர் கை, முகம், கால் கழுவி வுழூ எடுக்கும்போது என் கணவர் மர்சூக் உட்காருவதற்காக நான் போட்டது. ஒன்பது மாதமாக, ஐந்து நேரமும், தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்ல முன்னமே அதைத் துடைத்து வைத்துவிடுவேன். அவர் கழுவி முடித்து எழும்பும்வரை பின்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். அயலார் பார்த்துப் பார்த்து என்னைப் புகழ்ந்தார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் வந்தது, பொய் சொல்வானேன்.

போன வருடக் கடைசியில் ஒலுவிலில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னேரத் தொழுகையான அஸர் முடிந்த நேரம். றோட்டில் படுத்துக் கிடந்த மாடுகளில் ஒன்றுக்கு என்ன நினைவு வந்ததோ, திடீரென்று எழும்பிக் குறுக்கே வந்தது. அவர் "றிப்னா!" என்று என் பெயரைக் கத்திக்கொண்டே இடது காலை ஊன்றினார். சைக்கிள் விழவில்லை. என் அபாயாவில் தூசிகூடப் படவில்லை. அவருடைய முழங்கால்தான் பக்கவாட்டில் திரும்பிப் போயிருந்தது. மாடு ஒன்றும் நடக்காத மாதிரித் தன் பாட்டில் போய்விட்டது.

முழங்காலுக்குள்ளே எலும்பு முன்னுக்கும் பின்னுக்கும் வழுக்காமல் பிடித்து வைத்திருக்கிற சவ்வுகள் இரண்டு, வெளிப்பக்கத்தில் இன்னொன்று. மூன்றும் அறுந்துவிட்டன. கொழும்பில் தொடையிலிருந்து நார் எடுத்துப் புதிதாகக் கட்டினார்கள். அந்தக் கால் எனக்காகப் போன கால். இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. கதிரையைத்தான் போட்டேன்.

கால் இப்போது மடங்கியது, நீண்டது, வீக்கமும் வற்றிவிட்டது. ஆனால் அதை நம்பி ஒரு அடி வைக்க அவருக்கு மனம் வரவில்லை. உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிற தர்சிகா, காரைதீவுப் பிள்ளை, அவரைக் கட்டிலில் படுக்க வைத்து முழங்காலை முன்னுக்கு இழுத்துப் பார்த்தாள், பின்னுக்குத் தள்ளிப் பார்த்தாள்.

"உள்ளுக்குக் கட்டினது நல்ல இறுக்கமா இரிக்கு அண்ணன். டொக்டரும் பார்த்துச் சொல்லிட்டார். இனி அந்தக் காலுக்குத் தான் எங்க நிக்கிறன் எண்டு விளங்கணும். அதுக்கு ஒத்தைக் கால்ல நிண்டு பழகணும். எங்க, இடது கால்ல நில்லுங்க பாப்பம்."

அவர் சுவரைப் பிடித்தார். நான் அவரைப் பிடித்தேன்.

"ரெண்டு பேரும் விடுங்க," என்றாள் அவள்.

சுவரை விட்டதும் ஒரு நொடிகூட ஆகவில்லை, மற்றக் காலை நிலத்தில் போட்டுவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. "ஏலாது பிள்ள. கழண்டு போற மாதிரி இரிக்கி."

வெளியே வரும்போது தர்சிகா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அக்கா, நீங்க பிடிக்கிறதக் கொஞ்சம் குறைங்க." எனக்குக் கோபம் வந்தது. கட்டின புருசனைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்ல இவள் யார்?

பெரும்போகத்துக்கு வயல் விதைக்கிற காலம் நெருங்கிவிட்டது. பக்கத்து வயல்காரர் அச்சிமுகம்மது காக்கா வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், இவருக்கு மூத்த அண்ணன் மாதிரி. "மர்சூக், இந்தக் காலோட வரம்பில நடக்க ஏலுமா? இந்தப் போகம் உன்ட வயல நான் செய்றன். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு," என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டு "ஓம் காக்கா, அதுதான் சரி போல," என்றார். பதினாறு வயதிலிருந்து ஒரு பெரும்போகமும் விடாமல் விதைத்தவர். அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை. ஒருமுறை விட்டுக் கொடுத்தால் இந்த மனிதர் திரும்ப வயலில் இறங்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

புதன்கிழமை இடியப்பத்துக்கு அரிசி மா இடித்து, காயப்போட இடமில்லாமல் சுளகோடு அந்த நீலக் கதிரையில் வைத்துவிட்டு உள்ளே வேலையாக இருந்தேன். நேரத்தை மறந்துபோனேன். அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டது. பதறிக்கொண்டு பின்கதவுக்கு ஓடினால், அவர் குழாயடியில் நிற்கிறார். கதிரையில் மா. என் மாவைத் தொட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும், அதனால் சுளகைத் தொடவில்லை. பள்ளிவாசலில் எல்லாரும் சேர்ந்து தொழும் ஜமாஅத் பிந்திவிடும் என்ற அவசரம். முகம், கை கழுவினார், தலை தடவினார். பிறகு வலது காலைத் தூக்கிக் குழாய்க்குக் கீழே பிடித்தார்.

வலது காலைத்தானே முதலில் கழுவ வேண்டும். அப்படியென்றால் மனிதர் நின்றது இடது காலில்.

நீட்டிய கை நீட்டியபடி கதவடியிலேயே நின்றேன். விரலிடுக்குகளைத் தேய்த்தார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். கால் ஆடவில்லை. அவர் பாட்டுக்குக் கழுவிவிட்டுப் பள்ளிக்குப் போனார்.

நான் கதவடியில் குந்தியிருந்து அழுதேன். சந்தோசம் பாதி, வெட்கம் பாதி. ஒன்பது மாதமாக அவரை உட்கார்த்தி வைத்தது முழங்கால் இல்லை, நான்.

திரும்பி வந்ததும் கேட்டேன். "இஞ்ச பாருங்க, வலது காலக் கழுவக்குள்ள எந்தக் கால்ல நிண்டீங்க?"

"கதிரையில..." என்று தொடங்கியவர், மாச் சுளகைப் பார்த்தார். குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார்.

பொழுதுபட்டு மஃரிபுக்கு வேண்டுமென்றே இடது காலில் நின்று பார்த்தார். ஆடிப்போய்க் குழாயைப் பிடித்துக்கொண்டார். "கண்டியா? ஏலாது."

"யோசிச்சா ஏலாதுதான். அஸருக்கு யோசிக்காம நிண்டீங்களே. இனிக் கதிர உங்களுக்கில்ல, அதில மாதான் காயும்," என்றேன். இரவு இஷாவுக்கு ஒரு தரம் கழுவும்வரை நின்றார். வியாழன் மத்தியானம் லுஹருக்கு மூன்று தரமும். நான் குசினிக்குள் நின்று, கை தானாக நீளாமல் இருக்கச் சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளி காலையில் இருவரும் வயல் வட்டைக்குப் போனோம். வரம்பு ஒரு முழ அகலம்கூட இருக்காது. இரண்டு பக்கமும் உழுத சேறு. அவர் முன்னுக்கு, நான் பின்னுக்கு. வலது, இடது, வலது, இடது. நடு வரம்பில் நின்று, அடுத்த வயலில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த அச்சிமுகம்மது காக்காவைக் கூப்பிட்டார்.

"காக்கா! இந்தப் போகமும் நாந்தான் விதைக்கிறன்!"

காக்கா மண்வெட்டியைத் தூக்கி ஆட்டினார்.

மறுபடி நடந்தோம். கொஞ்சத் தூரம் போனதும், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "றிப்னா, கைய எடு."

திடுக்கிட்டுப்போனேன். என் கை அவர் முதுகில் படவே இல்லை, ஒரு சாண் தள்ளித்தான் நீட்டியிருந்தேன்.

"ஒம்பது மாசமா அந்தக் கை எனக்குப் பின்னால நிக்கிறது தெரியாதா எனக்கு? ஏன் எண்டும் தெரியும். அண்டைக்கு நான் காலூண்டினது எனக்கு விழப் பயமா இரிந்ததாலதான். நீ பின்னால இரிந்ததே அப்ப நினைவில்ல எனக்கு."

பொய். மாடு குறுக்கே வந்தபோது அந்த வாயிலிருந்து வந்த ஒரே சொல் என் பெயர்.

 இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.