சமையலுக்கு ஆள்

தலையணையை உயர்த்தி வைத்து, அப்பாவின் உதட்டில் கரண்டியால் வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள் பூமா. பாதி கடைவாயில் வழிந்தது. ஊத்துக்கோட்டை ஆஸ்பத்திரியில் டியூட்டி முடித்து வந்திருந்த நர்ஸ் குப்பம்மாள் நாடி பார்த்தாள். அவர் கையைப் போர்வைக்குள் வைத்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் அப்பா எம்பார் இந்த ஊருக்குத் தலைமையாசிரியராக வந்தபோது, பள்ளிக்கூடத்தில் பெண்கள் ஐந்தாவதோடு நின்றுவிடுவார்கள். நடவு வந்தால் சிலர், தம்பி தங்கை பிறந்தால் சிலர். சாயங்கால மணி அடித்ததும், நின்ற பெண்களைத் திரும்பக் கூப்பிட அவரே குடையோடு ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார்.

"பியூனை அனுப்பினா போறாதா?" என்பாள் அம்மா.

"பியூனுக்குக் கதவைத் திறக்கமாட்டா. ஹெட்மாஸ்டர் வந்து நின்னா உள்ள வாங்கோன்னாவது சொல்லியாகணும்."

அவரைப் பார்த்து மற்ற வாத்தியார்களும் நடக்கத் தொடங்கினார்கள். சில வருஷங்களில் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் பெண்களுக்கென்று தனி பெஞ்சு போட வேண்டியிருந்தது.

அம்மா இறந்தபோது பூமா எட்டாவது முடித்திருந்தாள். அடுப்பங்கரைக்கு வேறு ஆளில்லை. ஒரு வாரத்துக்கு என்றுதான் நின்றாள். அவளைக் கூப்பிட யாரும் வரவில்லை.

எம்பார் கண் திறந்தார். பார்வை குப்பம்மாள் மேல் நின்றது. பேசியது என்னவோ, என்றோ செத்துப்போன அவள் அப்பாவிடம்.

"சடையப்பன், உங்க பொண்ணு நன்னா படிக்கறா. சமையலுக்கு ஆள் இல்லேன்னு ஒரு பொண்ணை நிறுத்தலாமா? நீங்களே சொல்லுங்கோ."

பூமாவின் கை அப்படியே நின்றது.

"எங்க ஊட்டாண்ட வந்து இதே பேச்சுதான் பேசுவாரு சாரு," என்றாள் குப்பம்மாள். "நைனா மொறைச்சிக்கினே இருப்பாரு. கடைசில பேஜாராயி அவரே என்னை இட்டாந்து உட்டாரு." பூமா பக்கம் திரும்பி, "நீங்க இன்னாக்கா படிச்சீங்க?" என்றாள்.

"எட்டாவது."

குப்பம்மாள் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தாள்.

"சொல்லுங்கோ," என்றார் எம்பார் மறுபடி. புருவம் நெரிந்திருந்தது.

பூமா அவர் காதருகே குனிந்தாள். "அனுப்பறேன்னுட்டார், அப்பா. நாளைலேர்ந்து வருவா."

அவர் முகம் மெல்லத் தளர்ந்தது. பொழுது சாய்வதற்குள் மூச்சு அடங்கியது.

மறுநாள் காலை எடுத்துக்கொண்டு போன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். இன்றைக்கு இந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, சாப்பாடு எதிர்வீட்டிலிருந்து வரும் என்றார்கள். தலை முழுகிய ஈரத்தோடு பூமா கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூட நேரம். கைகளை மடியில் வைத்தாள். பிறகு எடுத்து இரண்டு பக்கமும் தரையில் ஊன்றினாள். மறுபடி மடியிலேயே வைத்துக்கொண்டாள்.