அப்பாவின் முழு வாக்கியம்

சிமெண்டுத் தூசியிலும் சிகரெட்டிலும் மேஸ்திரியின் நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. வீட்டில் மகன் அம்மாவைப் பற்றிய அந்தக் கேள்வியை எடுத்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “மூச்சு வாங்குதுடா” என்பார். மூச்சு தேறிவிட்டால் அந்தச் சாக்கு செல்லாது. அதனால்தான் மகன் அவரை விடாப்பிடியாக ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போனான்.

“நடக்கும்போது பேச்சுக் குடுங்க,” என்றாள் பயிற்சி கொடுக்கும் பெண். “ஒரு முழு வாக்கியம் திணறாம சொல்லிட்டார்னா நல்ல முன்னேற்றம்.”

மகனுக்குப் பேச வேறு விஷயம் இல்லை. நீண்ட வராந்தாவில் அப்பாவோடு நடந்தபடி தினமும் அதையே கேட்டான்.

“அம்மா காதுல ஏன் அறைஞ்சீங்க?”

அம்மாவுக்கு அந்தக் காது சாகும்வரை கேட்கவில்லை.

மேஸ்திரி வாயைத் திறப்பார், காற்றுதான் வரும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மகன் தண்ணீர் கொடுத்து மறுபடி நடத்துவான்.

“நல்லா இழுத்து விடுங்கப்பா. பதில் எங்கயும் ஓடிடாது.”

வாரங்கள் போகப் போக அவர் நடை உறுதிப்பட்டது. கண் கலங்குவதுபோலவும் மகனுக்குத் தோன்றியது. ‘தப்புதாண்டா’ என்று ஒரு வார்த்தை வந்தால் போதும் அவனுக்கு.

ஒருநாள் மேஸ்திரி வராந்தாவின் கோடிவரை நிற்காமல் நடந்தார். மகன் கேட்டான்.

“நான் பேசும்போது அவ குறுக்க பேசினா, அறைஞ்சேன்,” என்றார், பழைய கணீர்க் குரலில். “நீயும் வாயை மூடிக்கிட்டு நட.”

மறுகோடியில் நின்ற பெண்ணுக்கு வார்த்தைகள் விளங்கவில்லை, குரல் மட்டும் கேட்டது. அவள் கைதட்டினாள்.

“திணறவே இல்ல! எல்லாம் உங்க புண்ணியம் சார்,” என்றாள் மகனிடம்.