எல்தியாரின் பூஜ்யம்

எங்கள் கண்காணிப்பு அலுவலகத்தில் எனக்கு ஒதுக்கியிருந்தவர்கள் பதினெட்டு பேர். எல்லோரும் குடியினாலோ ஊசியினாலோ ஏதாவது செய்துவிட்டு, சிறைக்குப் போவதற்குப் பதிலாக என்னிடம் வந்தவர்கள். அவர்களில் எல்தியார் போதையில் பக்கத்து வீட்டு ஆட்டைத் திருடி, அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடமே விலை பேசியவன். அதற்கு இரண்டு வருடத் தண்டனை. குடிக்காமல் இருந்து, செவ்வாய்தோறும் என் முன்னால் வந்து உட்கார்ந்தால் வெளியிலேயே கழிக்கலாம் என்றார் நீதிபதி.

பதினோரு மாதம் வந்தான். முதல் மூன்று மாதம் கை நடுங்கியது, தேநீர்க் கிண்ணத்தை நான்தான் பிடித்துக்கொள்வேன். அப்புறம் தச்சு வேலைக்குப் போக ஆரம்பித்தான். மீதி பேரைப் பற்றிக் கேட்காதீர்கள். எங்கள் அலுவலகத்தில் காட்டிக்கொள்ள இருந்தது இவன் ஒருவன்தான்.

அதனால்தான் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள் என்றதும் எங்கள் தலைவர் ஒமுர்பெக் இவனைப் பிடித்துக்கொண்டார். மூச்சில் சாராயத்தை அளக்கும் புதுக் கருவி ஒன்றை விருந்தாளிகள் பரிசாகக் கொண்டுவருகிறார்கள். எல்தியார் அதில் ஊதுவான், பூஜ்யம் காட்டும், மீதித் தண்டனையை ரத்து செய்யும் உத்தரவை எல்லோர் முன்னிலையிலும் கொடுப்பார்கள். பூஜ்யம் காட்டாவிட்டால் இரண்டு வருடமும் சிறையில். அந்தப் பக்கத்தை யாரும் யோசிக்கவே இல்லை.

ஜூன் மாதம். மலை மேய்ச்சலிலிருந்து தலைவரின் அண்ணன் அந்த வருடத்தின் முதல் குமிஸை இறக்கியிருந்தார். குதிரைப் பால்தான், புளித்தது. அதை மது என்று எங்கள் ஊரில் யாராவது சொன்னால் சிரிப்பார்கள். கைக்குழந்தையின் உதட்டில்கூடத் தடவுவோம். கிண்ணம் நீட்டினால் வாங்க வேண்டும், காலியானால் மறுபடி நிரப்புவார்கள். எனக்கு வயிற்றுப்புண், அது ஊருக்கே தெரியும் என்பதால் என்னிடம் மட்டும் நீட்ட மாட்டார்கள்.

விருந்தாளிகள் வந்த அன்று எல்தியார் கிண்ணத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டான்.

"என்னடா, எங்கண்ணன் குதிரைங்க உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் தலைவர்.

"இல்லீங்கய்யா. எதுக்கு வம்புன்னுதான்." என் பக்கம் திரும்பினான். "அக்கா, இதுவும் லேசா ஏறுமில்ல?"

விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவரின் கழுத்து சிவந்துகொண்டிருந்தது. "பால்தானேடா தம்பி, குடி," என்றேன். நான்தான் சொன்னேன், வேறு யாரும் இல்லை.

அவன் குடித்தான். நிரப்பினார்கள். அதையும் குடித்தான்.

அப்புறம் கைதட்டலோடு கருவியை எடுத்து நீட்டினார்கள். ஊதினான். அது கீச்சென்று கத்தி 0.21 என்று காட்டியது. எல்தியார் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வெளிய உக்காரு," என்றார் தலைவர்.

அவன் போனதும் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். கருவி ரிப்பேர் என்றார் தலைவர். கருவி புத்தம் புதுசு என்றார் விருந்தாளி அம்மாள். குமிஸை யார் கொண்டுவரச் சொன்னது என்று ஒரு கேள்வி வந்தது, தலைவர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் அந்த அம்மாள் கருவியோடு வந்த புத்தகத்தைப் புரட்டினார். வாயில் மிச்சமிருப்பதுகூட அதில் காட்டுமாம், கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத வேண்டுமாம், அந்த இரண்டாவது எண்தான் கணக்காம். எல்லோரும் சிரித்தோம். தலைவர் இன்னொரு கிண்ணம் ஊற்றிக்கொண்டார்.

நல்ல செய்தி சொல்ல நான் வெளியே ஓடினேன். பெஞ்சில் ஆள் இல்லை.

தெருமுனைக் கடைக்குப் பின்னால் மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். கையில் வோட்கா பாட்டில், பாதி காலி.

"ஏன்டா?" என்றேன்.

"அதான் எழுதிட்டாங்களேக்கா. இனி குடிச்சாலும் ஒண்ணுதான், குடிக்கலேன்னாலும் ஒண்ணுதான்."

"அது கணக்கு இல்லடா. திரும்ப ஊதணுமாம். பூஜ்யம்தான் வந்திருக்கும்."

"அதை அந்தப் பெஞ்சுல வந்து சொல்லியிருக்கலாமே," என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திரும்பி வந்து தலைவரிடம் சொன்னேன். அவர் முதலில் நாற்காலியில் விழுந்தார். பிறகு எழுந்து கூடத்துக்குப் போய், இரண்டாவது சோதனையைத் தனி அறையில் செய்வதுதான் சட்டம் என்று அறிவித்தார். அப்படி ஒரு சட்டம் அந்த நிமிடம்தான் பிறந்தது. விருந்தாளிகள் தலையாட்டிவிட்டு ஆட்டுக்கறி சாப்பிடுவதைத் தொடர்ந்தார்கள். அவர் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு, கருவியில் எல்தியாரின் பெயரைத் தட்டி என்னிடம் நீட்டினார்.

"ஊது."

"நானா?"

"பின்ன யாரு? இந்தக் கட்டடத்துல வயித்துப்புண் உனக்கு மட்டும்தானே இருக்கு."

"ஐயா, இது பொய்."

"பொய்தான். நீ ஊதலேன்னா உண்மையை எழுதுறேன். அவன் ரெண்டு வருஷம் உள்ள போவான். குமிஸைக் குடின்னு சொன்னது நீ, அதையும் எழுதுறேன்."

ஊதினேன். பூஜ்யம் வந்தது. அவனைக் காப்பாற்றத்தான் என்று சொல்லிக்கொண்டேன், அதில் என்னைக் காப்பாற்றியதும் கொஞ்சம் சேர்ந்திருந்தது. 'பரிசோதிக்கப்பட்டவர்: எல்தியார்' என்று சீட்டு வெளியே வந்தது. உடம்பு சரியில்லாமல் வீட்டுக்குப் போய்விட்டான் என்று சொல்லி, அவன் இல்லாமலே அவனுக்குக் கைதட்டினார்கள். உத்தரவையும் சீட்டையும் அவன் வீட்டில் நான் கொடுத்தபோது அவன் இன்னும் வந்திருக்கவில்லை.

அடுத்த செவ்வாய் அவன் வரவில்லை. விதிப்படி வர வேண்டியதும் இல்லை. அவனுடைய தேநீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டு மதியம் வரை காத்திருந்தேன், பிறகு அவன் வீட்டுக்குப் போனேன்.

அவன் மனைவி ஜிபர் கதவைத் திறந்தாள். உள்ளே அவன் குறட்டை கேட்டது. அந்த வாடை வாசல் வரை வந்தது.

"வந்துட்டீங்களாக்கா. ஒரு வாரமா நிறுத்தலே. பழையபடி கூப்பிட்டு உக்கார வைங்க. மிஷின்ல ஊதச் சொல்லுங்க, மிரட்டுங்க."

"இனி முடியாதும்மா. கேஸ் முடிஞ்சுபோச்சு. அவனைக் கூப்பிட எனக்கு அதிகாரம் இல்ல."

அவள் சுவரைப் பார்த்தாள். உத்தரவையும் சீட்டையும் அங்கே ஒட்டியிருந்தாள்.

"எல்லாம் என்னாலதான்க்கா," என்றாள். "ஆபீஸ்லேருந்து சுத்தமாத்தானே கிளம்பியிருக்காரு, சீட்டுலயே இருக்கே. அன்னிக்கு மத்தியானம் போன் பண்ணி, மாவு வாங்கிட்டு வரக்கூடத் துப்பில்லையான்னு கத்தினேன். அதுக்கப்புறம்தான் குடிச்சிருக்காரு. எங்க மாமியாரும் அதையேதான் சொல்றாங்க. பதினொரு மாசம் நீங்க கட்டிக் காத்தீங்க, நான் ஒரு வார்த்தையில கெடுத்துட்டேன்."

பேசாமல் திரும்பிப் போயிருக்கலாம். என் வேலையும் மிஞ்சியிருக்கும், அவனும் சிறைக்குப் போகாமல் வெளியிலேயே இருந்திருப்பான்.

"அந்தச் சீட்டுல ஊதினது அவன் இல்ல ஜிபர்," என்றேன். "நான்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பெஞ்சையும் கடையையும் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது, பால்தானே குடி என்று நான் சொன்னதையும். எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு சீட்டை நகத்தால் சுரண்டிச் சுவரிலிருந்து பெயர்த்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"உங்களோடது. நீங்களே வச்சுக்குங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.